பாரதியின் பள்ளிக்கூடக் கணக்கு

பள்ளிக்கூட நாட்களைத் திரும்பிப் பார்த்து எழுதியவர்கள் தமிழில் நிறைய பேர் உண்டு. வாத்தியாரின் பிரம்பு, பெஞ்சு மேல் ஏறி நின்றது, பரீட்சைக்கு முந்தின நாள் காய்ச்சல் வந்தது என்று அந்த நினைவுகள் பெரும்பாலும் இனிப்பாகவே இருக்கும். அடி வாங்கியது கூட இருபது வருஷம் கழித்து இனித்துவிடுகிறது! ஆனால் பள்ளிக்கூடத்தைத் திரும்பிப் பார்த்து, காறித் துப்பாத குறையாக ஒருவர் எழுதினார். அவருடைய பள்ளி நினைவுகள் அடங்கிய அந்தச் சின்னப் புத்தகத்தை அரசாங்கமே தடை செய்தது. எழுதியவர் சுப்பிரமணிய பாரதி. புத்தகத்தின் பெயர் 'கனவு'. இன்று பாரதி பாடல் தொகுப்புகளில் 'சுயசரிதை' என்ற தலைப்பில் இருப்பது அதுதான்.

வெளிவந்த வருடம் 1910. பாரதி அப்போது புதுச்சேரியில் இருந்தார். வயது 27. அதில் பிள்ளைப் பருவத்துக் காதல் வருகிறது, கல்யாணம் வருகிறது, அப்பா வறுமைப்பட்டது வருகிறது. நடுவில் ஆங்கிலப் படிப்பைப் பற்றி ஒரு நீண்ட பகுதி. அந்தப் பகுதியில் பாரதி போடுவது ஒரு கணக்கு. அப்பாவுக்கு ஆயிரம் செலவு, தனக்குப் பல்லாயிரம் தீமை, நன்மையோ எள்ளளவும் இல்லை. இதை நாற்பதாயிரம் கோயிலில் வேண்டுமானாலும் சொல்லத் தயார் என்கிறார்.

இவ்வளவு கோபமா? அந்தப் பள்ளிக்கூடத்தில் அப்படி என்னதான் நடந்தது?

சங்கரன்கோவிலில் இருந்து கிழக்கே கழுகுமலை, கோவில்பட்டி தாண்டிப் போனால் எட்டயபுரம். இரண்டு ஊரும் அன்றைக்கு ஒரே திருநெல்வேலி ஜில்லா. வழி நெடுக கரிசல் மண், பருத்தி. கழுகுமலை எட்டயபுரம் ஜமீனைச் சேர்ந்தது. இந்தப் பக்கத்துப் பையன் ஒருவன் 1890களில் இங்கிலீஷ் படித்துப் பெரிய பரீட்சை எழுத வேண்டுமென்றால் சாதாரணமாகத் திருநெல்வேலிக்கோ பாளையங்கோட்டைக்கோ போய்த் தங்க வேண்டும். சங்கரன்கோவிலுக்கு ரயில் வந்ததே 1927-ல்தான். அதனால் படிப்புச் செலவு என்றால் பள்ளிக்கூடச் சம்பளம் மட்டும் இல்லை. சாப்பாடு, தங்கும் இடம், வண்டிச் சத்தம் எல்லாம் சேர்ந்ததுதான். இன்றைக்கு ஹாஸ்டல் பீஸ் கட்டும் வீடுகளுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

1882 டிசம்பர் 11-ல் பிறந்த பாரதி, தாயை ஐந்து வயதில் இழந்தவர். தந்தை சின்னசாமி ஐயர் எட்டயபுரம் ஜமீனோடு தொடர்புடையவர், கணக்கிலும் இயந்திரங்களிலும் நாட்டமுள்ளவர். பிள்ளைக்கோ தமிழ்ப் பாட்டில் பித்து. பதினொரு வயதிலேயே எட்டயபுரத்தில் 'பாரதி' என்ற பட்டம் கிடைத்துவிட்டதாகச் சொல்வார்கள். 'இப்படியே விட்டால் பையன் உருப்பட மாட்டான்' என்று எந்த அப்பாவும் நினைப்பது போலத்தான் அவரும் நினைத்தார். 1894-ல் பையன் திருநெல்வேலி இந்துக் கல்லூரி உயர்நிலைப் பள்ளியில் சேர்க்கப்பட்டான்.

இந்துக் கல்லூரி 1878-ல் ஏற்பட்டது. மிஷனரிகள் நடத்திய பள்ளிகள் நிறைந்த ஜில்லாவில் உள்ளூர்க்காரர்கள் நடத்திய நிறுவனம் அது. பெயரில் 'இந்து' இருந்தாலும் பாடத்திட்டம் என்னவோ சென்னை சர்வகலாசாலையின் மெட்ரிகுலேஷன் பரீட்சையை நோக்கியதுதான். அப்போது வகுப்புக்குப் பெயர் 'பாரம்'. முதல் பாரம், இரண்டாம் பாரம் என்று ஏறி ஆறாம் பாரத்தில் மெட்ரிகுலேஷன். அதைத் தாண்டினால் குமாஸ்தா வேலையாவது நிச்சயம் என்ற நம்பிக்கை. 1835-ல் மெக்காலே போட்ட விதை, 1854-ல் சார்லஸ் உட் அனுப்பிய கல்வி அறிக்கையில் கிளை விட்டு, மானியம் வாங்கும் பள்ளிக்கூடங்களாகத் திருநெல்வேலி வரை வந்து நின்றது. மிஷன் பள்ளியானாலும் இந்துப் பள்ளியானாலும் கேள்வித்தாள் ஒன்றுதானே!

'கனவில்' பாரதி அப்பாவைத் திட்டவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அப்பா கள்ளம் கபடம் இல்லாதவர், பிள்ளைக்கு நல்லது நினைத்தே இதைச் செய்தார் என்கிறார். ஆனால் அந்தச் செயல் சிங்கக் குட்டியைப் புல் மேயப் போகச் சொன்னதைப் போல ஆகிவிட்டதாம். பிறகு பள்ளிக்கூடத்தில் படிப்பவர்களுக்கு என்னென்ன தெரியாது என்று ஒரு பட்டியல் போடுகிறார். கம்பன் தெரியாது. காளிதாசன் தெரியாது. வானத்தை அளந்த பாஸ்கரன், இலக்கணம் கண்ட பாணினி, சங்கரர் யாரையும் தெரியாது. இளங்கோவின் சிலம்பு, வள்ளுவரின் குறள், சோழ பாண்டியர், அசோகர், சிவாஜி... ஒன்றும் தெரியாது.

படித்தவுடன் 'அடடா, எவ்வளவு நியாயம்' என்றுதான் தோன்றும். ஆனால் தேதிகளைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு சிக்கல் வருகிறது.

சிலப்பதிகாரத்தை உ.வே.சாமிநாதையர் பதிப்பித்து வெளியிட்டது 1892-ல். அதாவது பாரதி பள்ளியில் சேர்வதற்கு இரண்டே இரண்டு வருடம் முன்பு. புறநானூறு அச்சானது 1894-ல், அதாவது அவர் சேர்ந்த அதே வருடம். மணிமேகலை 1898-ல், அவர் பள்ளியை விட்டுப் போன பிறகு. அந்தக் காலத்துத் தமிழ்ப் பண்டிதர்களிலேயே பலர் சிலம்பை முழுதாகப் பார்த்திருக்க மாட்டார்கள். நாலாம் பாரத்துப் பையனுக்கு அதை யார் சொல்லிக் கொடுப்பது? சிவாஜி விஷயமும் அப்படித்தான். திலகர் மகாராஷ்டிரத்தில் சிவாஜி விழாவைத் தொடங்கியது 1890களின் நடுவில். பாரதியே சிவாஜியைப் பற்றி 'இந்தியா' பத்திரிகையில் பாடியது 1906-ல். அசோகரைப் பற்றி வின்சென்ட் ஸ்மித் எழுதிய புத்தகம் வந்தது 1901-ல்.

ஆக அந்தப் பட்டியல் 1894-ல் நெல்லையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பன்னிரண்டு வயதுப் பையனின் ஏக்கம் இல்லை. காசியில் இருந்து, சென்னையில் பத்திரிகை நடத்தி, சூரத் காங்கிரஸ் வரை போய் வந்து, புதுச்சேரியில் ஒதுங்கியிருந்த ஒரு மனிதனின் ஏக்கம். தான் 1910-ல் தெரிந்து வைத்திருந்ததை எல்லாம் 1894-ன் பள்ளிக்கூடத்திடம் கேட்கிறார் பாரதி. பள்ளி நாட்களைத் திரும்பிப் பார்க்கிற எல்லோரும் செய்வதுதான் இது. நமக்குத் தெரிந்து போனதை எல்லாம் அப்போதே ஏன் சொல்லித் தரவில்லை என்று சண்டை போடுவோம்.

பட்டியலுக்கு முன்னால் இன்னொரு குற்றச்சாட்டு இருக்கிறது. கணக்குப் பாடத்தைப் பன்னிரண்டு வருடம் படித்தாலும் வானத்தில் ஒரு நட்சத்திரத்தின் நிலையை இவர்களால் சொல்ல முடியாது என்கிறார். ஆயிரம் காவியம் படித்தாலும் கவியின் உள்ளம் புரியாது என்கிறார். அடுத்துதான் வணிகவியல்காரர்களுக்குச் சுருக்கென்று தைக்கும் இடம். வணிகமும் பொருளாதாரமும் பிதற்றுவார்களாம், ஆனால் தாங்கள் வாழும் நாட்டில் செல்வம் அழிந்து கொண்டிருப்பது அவர்கள் காதில் விழாதாம்!

இன்றைக்கு பி.காம். வகுப்பறை வாசலில் எழுதி வைக்கலாம் போல இருக்கிறது. ஆனால் இதிலும் காலம் ஒளிந்திருக்கிறது. இந்தியாவின் செல்வம் இங்கிலாந்துக்கு உறிஞ்சப்படுகிறது என்று தாதாபாய் நௌரோஜி பல வருடங்களாகப் பேசி வந்தவர்தான். என்றாலும் அவருடைய பெரிய புத்தகம் வந்தது 1901-ல். ரமேஷ் சந்திர தத்தின் பொருளாதார வரலாறு அடுத்த வருடம். பின்பு 1906-ல் வ.உ.சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்கிறார். மூலதனம் 10 லட்சம் ரூபாய், 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். அந்தக் கம்பெனியைக் கீழே இறக்க ஆங்கிலக் கப்பல் கம்பெனி கட்டணத்தைக் குறைத்ததும், 1908-ல் வ.உ.சி. சிறைக்குப் போனதும், கம்பெனி நொடித்துப் போனதும் பாரதியின் கண் முன்னால் நடந்தவை. நாட்டில் பொருள் கெடுவது என்று 1910-ல் எழுதிய கைக்கு இதெல்லாம் நினைவில் இல்லாமல் இருந்திருக்குமா?

அதைவிட நெருக்கமான காரணம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. சின்னசாமி ஐயர் எட்டயபுரத்தில் பருத்தி அரைக்கும் ஆலை ஒன்று தொடங்கினார். கரிசல் பூமியில் பருத்திக்குக் குறைவில்லை. பஞ்சு எடுத்து விற்றால் லாபம் என்று கணக்குப் போட்டது தப்பான கணக்கு இல்லை. ஆனால் தொழில் படுத்துவிட்டது. பணம் எல்லாம் போயிற்று. 'கனவில்' பாரதி இதை வெள்ளையர் செய்த சதி என்றே சொல்கிறார். மகன் நெல்லையில் இங்கிலீஷ் படித்துக் கொண்டிருந்த அதே காலத்தில்தான் அப்பா ஊரில் நஷ்டப்பட்டுக் கொண்டிருந்தார். ஆக வாழும் நாட்டில் பொருள் கெடுவது என்பது பாரதிக்கு வெறும் பொருளாதாரத் தத்துவம் இல்லை. அப்பாவின் ஆலை.

இங்கேதான் இன்னொரு காகிதம் குறுக்கே வருகிறது.

1897 ஜனவரி 24 என்று தேதியிட்ட ஒரு விண்ணப்பம். எழுதியவர் சுப்பிரமணிய பாரதி, வயது 14. எழுதப்பட்டது எட்டயபுரம் ஜமீன்தாருக்கு. செய்யுளாகவே எழுதப்பட்டிருக்கிறது. நமக்குக் கிடைத்திருக்கும் பாரதியின் எழுத்துகளில் மிகவும் பழையவற்றில் ஒன்று இது. என்ன கேட்கிறார்? படிப்பைத் தொடரப் பண உதவி கேட்கிறார். அதில் அவர் வைக்கும் வாதம், கையில் காசு இல்லாதவன் எப்படிப் படிப்பது என்பது. பணம் இல்லாமல் படிப்பு வராது, படிப்பு இல்லாமல் பணம் வராது, இரண்டில் முதலில் வர வேண்டியது படிப்பு, அதற்குக் கையில் பொருள் இல்லை, அதனால் உங்களிடம் வந்தேன் என்று நான்கே படிகளில் விஷயத்தை முடித்துவிடுகிறார். கல்விக்கடன் விண்ணப்பத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுத முடியாது!

இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். 1897-ல் அந்தப் படிப்பு நின்றுவிடக் கூடாதே என்று கெஞ்சிய பையன், 1910-ல் அந்தப் படிப்பே தண்டம் என்கிறான். இடையில் 13 வருடம். பள்ளியைப் பிடிக்காமல்தான் படித்தான் என்றால் பணம் கேட்டு எதற்கு எழுத வேண்டும்? படிப்பு நின்றால் அப்பாவுக்கு நிம்மதி, பிள்ளைக்கும் நிம்மதி என்று ஊர் திரும்பியிருக்கலாமே. அவன் அப்படி நினைக்கவில்லை. பள்ளிக்கூடம் கையை விட்டுப் போவது அவனுக்கு அப்போது பெரிய பயமாக இருந்திருக்கிறது.

பயந்தது நடக்கத்தான் செய்தது. 1897 ஜூனில் கடயத்துச் செல்லம்மாளோடு கல்யாணம். 1898-ல் தந்தை மரணம். நெல்லைப் படிப்பு அதற்கு முன்பே முடிந்துவிட்டது. அத்தை குப்பம்மாளும் அவர் கணவர் கிருஷ்ண சிவனும் இருந்த காசிக்குப் பையன் அனுப்பப்பட்டான். அங்கே படித்து அலகாபாத் சர்வகலாசாலையின் பிரவேசப் பரீட்சையில் தேறினான். சமஸ்கிருதமும் ஹிந்தியும் அங்கே கிடைத்தவை.

கொஞ்சம் யோசித்தால், அப்பாவுக்கு ஆயிரம் செலவு என்ற வரியில் இருக்கும் வலி இங்கிலீஷ் படிப்பைப் பற்றியது மட்டும்தானா என்ற சந்தேகம் வருகிறது. நொடித்துப் போன ஒரு மனிதர், கடைசி வரை பிள்ளைக்குச் செலவழித்துவிட்டு, பிள்ளை தலையெடுப்பதைப் பார்க்காமல் போய்விட்டார். அந்தப் பணத்தை எந்தப் பிள்ளை நினைத்துப் பார்த்தாலும் அது தண்டமாகத்தான் தெரியும். அந்த வரியைக் கல்விக் கொள்கை பற்றிய விமர்சனமாக மட்டும் மேடைகளில் எடுத்துச் சொல்பவர்கள் இந்த அப்பாவை விட்டுவிடுகிறார்கள்.

சரி, நன்மை எள்ளளவும் இல்லை என்று சொன்னாரே, அது உண்மையா? கணக்குப் புத்தகத்தின் வரவுப் பக்கத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. காசியில் இருந்து எட்டயபுரம் திரும்பிய பிறகு பாரதிக்கு ஷெல்லியின் கவிதை மீது மோகம். 'ஷெல்லிதாசன்' என்று புனைபெயரே வைத்துக் கொண்டார். ஷெல்லியைத் தமிழில் படித்தாரா என்ன? 1904-ல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தமிழ் ஆசிரியராக ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை மூன்று மாதம் வேலை பார்த்தார். அரசஞ்சண்முகனார் விடுப்பில் போன இடத்துக்குத் தற்காலிக வேலை, மாதச் சம்பளம் பதினேழரை ரூபாய். பள்ளிக்கூடத்தை இவ்வளவு திட்டியவர் தானும் ஒரு பள்ளிக்கூட வாத்தியார்தான் என்பது ஒரு வேடிக்கை. அந்த வருடக் கடைசியிலேயே 'சுதேசமித்திரன்' பத்திரிகையில் உதவி ஆசிரியர் ஆனார். அங்கே முக்கியமான வேலை ஆங்கிலச் செய்திகளையும் தந்திகளையும் தமிழாக்குவது. உலகச் செய்திகளைத் தமிழில் எழுதிய அந்தக் கைக்கு நெல்லையில் போட்ட அஸ்திவாரம் உதவவே இல்லை என்று சொல்ல முடியுமா? பின்னால் 'ஹிந்து' பத்திரிகைக்கு ஆங்கிலத்தில் கடிதங்கள் எழுதினார். 1914-ல் ஆங்கிலத்தில் ஒரு கேலிக் கதையே எழுதி வெளியிட்டார்.

பாரதி பொய் சொன்னார் என்று இதற்கு அர்த்தமில்லை. அவர் குறை சொன்னது ஆங்கில மொழியை அல்ல. இங்கிலீஷ் படிக்கப் போனவன் தன் நாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாமல் வெளியே வருகிறானே என்பதுதான் அவர் குறை. இந்தக் குறை அவர் ஒருவருக்கு மட்டும் இருந்ததில்லை. ராஜ்கோட்டில் படித்து 1887-ல் மெட்ரிகுலேஷன் தேறிய காந்தி, தன் சுயசரிதையில் உயர்நிலைப் பள்ளி நாட்களை நினைக்கும்போது, பாடங்களை ஆங்கிலத்தில் நடத்தத் தொடங்கியதும் தான் திக்குமுக்காடியதையும் ஜியோமிதி புரியாமல் தவித்ததையும் சொல்கிறார். குஜராத்தியில் படித்திருந்தால் நாலு வருடத்தில் படித்ததை ஒரே வருடத்தில் படித்திருப்பேன் என்று 1938-ல் 'ஹரிஜன்' பத்திரிகையில் எழுதினார்.

நெல்லை இந்துக் கல்லூரிப் பள்ளியில் படித்த வ.உ.சி.யும் தன் வரலாற்றைச் செய்யுளில் எழுதினார். சிறையில் எழுதியது, அச்சில் வந்தது அவர் இறந்த பிறகு 1946-ல். அவருக்கு நினைவு வருவது மரம் ஏறியது, நீச்சல் அடித்தது, விளையாட்டுகள். தன் மகன் படிக்க வேண்டும் என்பதற்காக ஓட்டப்பிடாரத்திலேயே ஆங்கிலப் பள்ளிக்கு ஏற்பாடு செய்த அப்பா. செக்கு இழுத்த மனிதருக்குப் பள்ளி நாட்கள் இனித்திருக்கின்றன, பாரதிக்குக் கசந்திருக்கின்றன. வ.உ.சி.யின் அப்பா மகன் வக்கீலாவதைப் பார்த்தார். பாரதியின் அப்பாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

திட்டியதோடு பாரதி நின்றுவிடவில்லை என்பதும் முக்கியம். பின்னாளில் 'தேசீயக் கல்வி' என்ற தலைப்பில் எழுதிய கட்டுரைகளில் ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் எப்படித் தொடங்குவது என்று திட்டமே போட்டுக் கொடுக்கிறார். வெறும் உபதேசம் இல்லை. ஊரார் கூடிக் குழு அமைப்பதில் தொடங்கி, உபாத்தியாயர்களை நியமிப்பது வரை போகிறார். பாடங்கள் எல்லாம் தாய்மொழியில். தன் நாட்டுச் சரித்திரம் கட்டாயம். பொருளாதாரப் பாடத்தில் தீர்வை எவ்வளவு குறைவாக வாங்கினால் ஜனங்களுக்கு நல்லது, கூட்டு வியாபாரத்தால் என்ன லாபம் என்பதெல்லாம் சொல்லித் தர வேண்டும் என்கிறார். இயற்கை நூல், கைத்தொழில், விவசாயம், தேகப் பயிற்சி, யாத்திரை கூட உண்டு. 'கனவில்' எதெல்லாம் இல்லை என்று புலம்பினாரோ அவற்றில் பெரும்பகுதி இங்கே பாடத்திட்டமாக வந்துவிட்டது. கூட்டு வியாபாரம் என்பதைப் படிக்கும்போது அந்தப் பருத்தி ஆலை நினைவுக்கு வராமல் போகாது.

'கனவு' புத்தகத்துக்கு என்ன ஆயிற்று? 1911 ஜூன் 17-ல் மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பிறகு புதுச்சேரியில் இருந்தவர்கள் மேல் அரசாங்கத்தின் கெடுபிடி இறுகியது. அந்த வருடமே 'கனவு', 'ஆறில் ஒரு பங்கு' என்ற பாரதியின் இரண்டு புத்தகங்களும் தடை செய்யப்பட்டன. முதலாவது ஒரு மனிதன் தன் சிறுவயதை நினைத்துப் பாடியது. இரண்டாவது ஒரு சிறுகதை. இதில் ராஜத்துரோகம் எங்கே இருக்கிறது என்று பாரதி 'ஹிந்து'வுக்கு எழுதிக் கேட்டுப் பார்த்தார். பலிக்கவில்லை.

அந்தப் பள்ளி இன்று ம.தி.தா. இந்துக் கல்லூரி மேல்நிலைப் பள்ளி. 2021 செப்டம்பரில் வ.உ.சி.யின் 150-ஆவது பிறந்த நாளை ஒட்டி அந்தப் பள்ளிக்குப் புதிய கட்டடங்கள் கட்டித் தரப்படும் என்று தமிழக அரசு அறிவித்தது. பாரதி படித்த வகுப்பறையைப் பள்ளிக்காரர்கள் நினைவிடமாக வைத்திருக்கிறார்கள்.